சங்கிலிமலையில் வண்டு ஒழிந்த வரலாறு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயவை மூன்று: நெருப்பு, சக்கரம், குழு. முதல் இரண்டையும் கண்டுபிடித்த புண்ணியவான்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. மூன்றாவதை எல்கடுவ மலையேற்றிச் சங்கிலிமலைத் தோட்டம்வரை கொண்டுவந்து, அதைக்கொண்டே ஒரு கருவண்டைத் தோற்கடித்துக் காட்டியவர் யாரென்று மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். அவர் அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், ஒஸ்வல்ட் பஸ்தியாம்பிள்ளை. மாத்தளை பஸ் நிலையத்தில் அவருக்கு இன்னும் ஒரு சிலை எழும்பவில்லை என்றால், அது நம்முடைய நன்றிகெட்டதனமேயன்றி வேறில்லை.

நடந்தது தொண்ணூற்றாறாம் வருஷம். வடக்கே சண்டை, தெற்கே அதற்கான சோதனைச் சாவடி, நடுவில் மலைமேல் தேயிலை. தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளின் கையில் கொடுத்துச் சில காலம் ஆகியிருந்தது. கம்பனி சங்கிலிமலைத் துரையைக் கொழும்புக்கு அழைத்து, பெரிய ஹோட்டல் ஒன்றில் வைத்துப் பயிற்சி கொடுத்தது. துரை திரும்பி வந்தபோது ஒரு தோல் பையும், ஒரு பேனையும், இனிமேல் யாரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்கிற ஞானமும் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் தோட்டம் இருண்ட காலத்தில் கிடந்தது. தண்ணீர்ப் பீலி உடைந்தால் கிளாக்கர் சத்தம் போடுவார், பைப்காரன் வந்து சரிக்கட்டிவிட்டுப் போவான். பயிற்சிக்குப் பிறகு "குடிநீர்க் குழு" உதயமாயிற்று. பீலி உடைந்தபடியே இருந்தது. ஆனால் அது ஏன் உடைந்திருக்கிறது என்பதில் தோட்டம் முழுவதும் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

ஒஸ்வல்ட் ஐயாவுக்கு இந்தக் குழு விஷயம் முதலில் பிடிக்கவில்லை. இரண்டு கூட்டம் இருந்து பார்த்தபிறகுதான் அதன் மகிமை விளங்கிற்று. தனியாக ஒருவன் முடிவெடுத்தால் பழி அவன் தலையில் விழும். குழு முடிவெடுத்தால் பழி எங்கே விழுவது என்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றுவிடும். ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து தோட்டத்தில் உருவான ஒவ்வொரு குழுவுக்கும் அவரே தலைவரானார். இதெல்லாம் கூத்து என்று அவருக்கும் தெரியும். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர் அவர். சிரித்து முடித்ததும் பழையபடி கூட்டத்துக்குப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் தொழிலாளர் வரிசைவீடான மேட்டு லயத்துச் சூசையம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கொழுந்தெடுத்துத் தேய்ந்த விரல்களால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐயா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள். அவளுடைய மகள் பிலோமினா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, பெண்பிள்ளை பெற்று, பிள்ளையும் தாயுமாய் அங்கேயே இருந்தார்கள். லயத்து அறையான காம்பராவின் தகரக் கூரையை ஒரே ஒரு உத்தரம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. சேலையால் கட்டின தொட்டிலும் அதில்தான் தொங்கியது.

"ஐயா, எங்க உத்தரத்த என்னமோ கொடையுதுங்க. வெரல் போற அளவுக்கு ஓட்ட. காலையில எந்திரிச்சா கீழ மரமாவு கொட்டிக் கெடக்குது. புள்ளைக்கு அதுலதான் தொட்டி கட்டியிருக்கோம். கட்டலாமா, கூடாதான்னு, உள்ள வந்து ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்கய்யா."

இவ்வளவுதான் கேள்வி. கட்டலாமா, கூடாதா. ஒரு குழந்தைகூடப் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்று உங்களுக்குத் தோன்றலாம். நிர்வாக அனுபவம் இல்லாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒஸ்வல்ட் ஐயாவின் காதில் விழுந்து அவரைத் திடுக்கிட வைத்தது அந்தக் கேள்வி அல்ல, "உள்ள வந்து" என்ற இரண்டு வார்த்தைகள்.

தோட்டத்து உத்தியோகஸ்தர் லயத்து வாசலுக்குள் நுழைவதில்லை. லயத்துக்கு முன்னால் ஒரு கான், கழிவுநீர் வாய்க்கால், ஓடும். கானுக்கு இந்தப் பக்கம் ரோட்டில் ஐயா நிற்பார். அந்தப் பக்கம் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு ஆள் வெளியே வரவேண்டும். சாவு விழுந்தாலும் அப்படித்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கானுக்கு இந்தப் பக்கமே நிற்பார்கள். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் இது. எழுதியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். அதிலும் லயத்துக் கதவு தணிவு. குனியாமல் உள்ளே போக முடியாது. கிளாக்கர் ஐயா குனிவதைச் சனம் பார்த்தால் மறுநாள் பெயர்ப்பதிவில் யார் அவருக்குப் பயப்படுவார்கள்?

மற்ற ஐயாமார் இந்தச் சட்டத்தைச் சாதாரணமாகக் கடைப்பிடித்தார்கள். ஒஸ்வல்ட் ஐயா பக்தியோடு கடைப்பிடித்தார். காரணம் இருந்தது. ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், இதேமாதிரித் தகரக் கூரையின்கீழ், இதேமாதிரி உத்தரத்தில் கட்டிய சேலைக்குள் கிடந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அம்மா மரியாயி சாகும்வரை கொழுந்தெடுத்தவள். இதை அவர் சங்கிலிமலையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மனைவி டொறீனின் ஆட்கள் அவரை மன்னார்ப் பக்கத்துப் பழைய குடும்பம் என்று நினைத்துப் பெண் கொடுத்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. லயத்துக்கு உள்ளே எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் தைரியமாக உள்ளே போகலாம். அவர் எப்படிப் போவார்?

"குழு வச்சுப் பாக்கலாம் சூசையம்மா" என்றார்.

"வெள்ளனப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் மலைக்குப் போனாள்.

அடுத்த வாரமே "மரந்துளைக்கும் உயிரினங்களை அடையாளங்காணல், பழுதுபார்த்தல் மற்றும் முன்தடுப்புக் குழு" அமைக்கப்பட்டது. தலைவர் ஒஸ்வல்ட் ஐயா. உறுப்பினர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்த்தே கிழவராகிவிட்ட டீமேக்கர் தர்மராஜா. தோட்டத்து மருந்துக்கார ஐயா. தொழிற்சங்கத் தலைவர் இஞ்ஞாசி. முதற்கூட்டத்தின் பொருள் "அடையாளங்காணல்". உத்தரத்தைத் துளைப்பது எது என்று தெரியாமல் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்பதில் எல்லாரும் உடன்பட்டார்கள். கறையான் என்றால் அது நலன்புரிப் பகுதியின் வேலை. எலி என்றால் மருந்துக்கார ஐயாவின் தலையில் விழும். ஆகவே அவர் அது எலியே அல்ல என்று அடித்துச் சொன்னார். வண்டுதான், கறுப்பாய்ப் பெரிசாய் வருகிறது, லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும் என்றார் இஞ்ஞாசி. தர்மராஜா மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"கண்ணாலை காணாத ஒண்டை வண்டெண்டு எப்பிடி ஐசே கூட்டக் குறிப்பிலை போடுறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்கக்கூடிய முரட்டு மனிதர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, துளையைக் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்று மருந்துக்கார ஐயா ஒரு யோசனை சொன்னார். யோசனை ஏகமனதாக ஏற்கப்பட்டது. பிறகு, துளை மட்டும் தனியாக வராது, உத்தரமும் சேர்ந்து வரும், உத்தரம் வந்தால் கூரையும் வரும் என்று கண்டுபிடிக்கப்பட்டு, விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. வடையும் தேத்தண்ணியும் பரிமாறப்பட்டன.

ஒத்திவைத்த கூட்டம் கூடுமுன்பே, ஒரு விடியற்காலை ராணுவம் வந்து மேட்டு லயத்தைச் சுற்றிவளைத்தது. அந்தக் காலத்தில் இது மழை வருகிறமாதிரி. வரும், நனைவோம், போகும். ஆம்பிளைகளை வெளியே வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். சிங்களம் நன்றாகப் பேசுவார் என்பதால் மொழிபெயர்க்க ஒஸ்வல்ட் ஐயாவைக் குவாட்டர்சிலிருந்து கூட்டிவந்தார்கள். கோப்ரல் ஒருவன் சூசையம்மா வீட்டு இஸ்தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தின் முனையில் ஒரு துளை. இயந்திரத்தால் போட்டதுபோல அத்தனை வட்டம். அதன் கீழே புதிய மரத்தூள். இங்கே யாரோ ஏதோ கம்பி இழுப்பதற்குத் துளை போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியதில் தப்பில்லை. அந்த வீட்டு ஆம்பிளை யார் என்று கேட்டான். பிள்ளையைப் பார்க்க வந்து தங்கியிருந்த பிலோமினாவின் புருஷன் லூர்து ஓரடி முன்னால் வந்தான். அவனிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து வருஷக்கணக்காகியும் வரவில்லை.

துளை போட்டது யார் என்று கோப்ரல் கேட்டான். லூர்து ஒஸ்வல்ட் ஐயாவைப் பார்த்தான். பிலோமினா கைப்பிள்ளையோடு கதவடியில் நின்று அவரைப் பார்த்தாள். லயமே அவரைப் பார்த்தது. வண்டு என்ற ஒரு சொல், சிங்களத்தில் அதற்கும் ஒரு சொல் இருக்கிறது, அவருக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் அது இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறாத ஒன்றை ராணுவத்துக்குச் சொல்லி, நாளை அது எலி என்று தீர்மானமாகிவிட்டால்?

"அது பற்றிக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

கோப்ரலின் முகம் மாறியது. எந்தக் குழு, எத்தனை பேர், எங்கே கூடுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டான். ஒருவன் லூர்துவின் கையைப் பின்னால் முறுக்கினான். அந்த நேரத்தில் துளைக்குள்ளேயிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வெளியே வந்தது. கோப்ரலின் மூக்குக்கு நேரே வந்து நின்று ரீங்காரமிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று. கோப்ரல் முதலில் குனிந்தான். பிறகு சிரித்தான். தன் ஊர் வீட்டிலும் இந்தச் சனியன்தான் என்று சொல்லி லூர்துவை விடச்சொன்னான். ஆக, அடையாள அட்டை இல்லாமல் தன் அடையாளத்தை நிரூபித்த ஒரே ஜீவன் அன்றைக்கு அந்த வண்டுதான். அட்டை இல்லாத மற்றவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சாயங்காலம் விட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தில், "அடையாளங்காணல்" வெற்றிகரமாக நிறைவெய்தியது என்று குறிக்கப்பட்டது. ஒத்துழைத்த ராணுவத்துக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. வண்டுக்கு நன்றி தெரிவிப்பது பற்றி இஞ்ஞாசி ஏதோ சொன்னார். அது ஒழுங்குப் பிரச்சினை என்று தள்ளப்பட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் டொறீன் சோறு போட்டுக்கொண்டே, குழு முடிவெடுக்கவில்லை என்று ஆமிக்காரனிடம் சொன்னீர்களாமே என்று கேட்டாள். தோட்டத்தில் அதற்குள் சிறுபிள்ளைகள்கூட அதை நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒஸ்வல்ட் ஐயாவுக்கே சிரிப்பு வந்து, புரைக்கேறி, தண்ணீர் குடிக்கவேண்டியதாயிற்று. டொறீன் சிரிக்கவில்லை.

"அந்தப் பொடியனக் கொண்டு போயிருந்தா, அதுக்கும் கூட்டம் வைப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அது அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதனால்தான் மறுநாளே உக்குவளைக்குப் போய், ஸக்கரியா நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வண்டுமருந்துத் தூள் ஒரு டப்பா வாங்கிவந்தார். வருகிற வழியில் சோதனைச் சாவடியில், தமிழன் ஒருவன் கையில் வெள்ளைத்தூள் எதற்கு என்று மறித்தார்கள். வண்டுக்கு என்றார். இம்முறை குழுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அனுபவம் மனுஷனை வளர்க்கிறது.

மூன்றாவது கூட்டத்தில் டப்பாவில் அச்சடித்திருந்த அறிவுரையை ஒஸ்வல்ட் ஐயா எழுந்து நின்று வாசித்தார். கருவண்டு மரத்தைத் தின்பதில்லை, குடைகிறது. முதலில் விரல் நுழைகிற அளவுக்கு உள்ளே போய், அப்புறம் திரும்பி மரத்தின் நீளத்துக்கு வழி வெட்டி, குஞ்சுகளுக்கு அறை அறையாகக் கட்டுகிறது. குடியிருக்க வீடில்லாத காரணத்தால் செய்கிற வேலை என்பதைக் கேட்டதும் இஞ்ஞாசி முதன்முறையாக வண்டின்மேல் ஒரு தோழமையோடு தலையாட்டினார். அறிவுரை மேலும் சொன்னது: பொழுது சாய்ந்தபின் துளைக்குள் தூளை ஊதவேண்டும். துளையை மூடக்கூடாது. சில நாள் விட்டு, உள்ளே சத்தம் முற்றாக நின்றபிறகுதான் மரக்கட்டையால் அடைக்கவேண்டும். உயிரோடு உள்ளே வைத்து அடைத்தால் வண்டு வேறு பக்கம் வாசல் வெட்டும். கடைசியாக, பச்சை மரம் எங்கும் தெரியாதபடி சாயம் பூசவேண்டும். பூசின மரத்தில் வண்டு உட்காராது.

எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் ஒரு சிக்கல். வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பனியின் டிரெக்டர் வருகிறார். மேட்டு லயத்தை "மாதிரி லயம்" என்று நாடா வெட்டித் திறக்கப்போகிறார். அவர் வரும்போது இஸ்தோப்பில் துளைகள் வாய் பிளந்துகொண்டு நிற்பதா? துரைக்கு என்ன முகம் இருக்கும்? நீண்ட விவாதத்துக்குப் பிறகு, டப்பாவின் அறிவுரை ஒரு சிறு திருத்தத்துடன் நிறைவேற்றப்பட்டது. முதலில் அடைப்பது. அதன்பின் சாயம். தூள் போடுவது பிறகு பரிசீலிக்கப்படும். அடைத்தபிறகு தூளை எதற்குள் போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. டப்பா திறந்தபடி கிடந்து வீணாகக் கூடாதென்று, தூளை ஸ்டாப் குவாட்டர்ஸ் குசினிகளில் கரப்பான்களுக்குப் போட்டு முடித்தார்கள்.

மேசன் வந்து சிமெந்துக் கலவையால் துளைகளை அடைத்தான். மேலே பச்சைப் பெயின்ட் பளபளத்தது. கூரைக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு முழம் உத்தரம் அத்தனை அழகாயிருந்தது. உள்ளே இருந்த மிச்ச உத்தரத்தைக் குழு பார்க்கவில்லை. பார்ப்பதற்கு உள்ளே போகவேண்டும். வெளியிலிருந்தே பார்க்கத் தூரக்கண்ணாடி ஒன்று இருந்தால் உதவியாயிருக்கும் என்று தர்மராஜா சொன்னார்தான். அந்த வருஷத்தில் தூரக்கண்ணாடியோடு ஒரு தமிழர் குழு லயத்தை நோக்கி நின்றால் என்ன நடக்கும் என்று அவரே யோசித்து, அவரே அதை மீளப்பெற்றுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒஸ்வல்ட் ஐயா வேலையைப் பார்வையிடப் போய்க் கானுக்கு இந்தப் பக்கம் நின்றார். சூசையம்மா இஸ்தோப்புக்கு வந்தாள்.

"அடச்சதுக்குப் பொறகு உள்ளுக்குள்ள சத்தம் கூடிப்போச்சுங்க" என்றாள். "ராவெல்லாம் கறுக்கு கறுக்குங்குது. மாவு இப்ப வெளிய கொட்டலிங்க, தொட்டிக்கு மேலயே கொட்டுது. ஒரே ஒருக்கா உள்ள வந்து பாருங்கய்யா."

அவள் நகர்ந்து கதவுக்கு வழி விட்டாள். ஒஸ்வல்ட் ஐயா அந்தத் தணிந்த கதவைப் பார்த்தார். உள்ளே இருட்டு. அடுப்புப் புகையும், ஈரச் சாக்கும், பிள்ளைக்குப் போட்ட சாம்பிராணியும் கலந்த வாசம் கான்வரைக்கும் வந்தது. அவருக்கு அந்த வாசம் தெரியும். உலகத்தில் எந்த வாசத்தைவிடவும் தெரியும். ஒரு கால் முன்னால் போகப் பார்த்தது. ரோட்டில் மலையிறங்கி வந்துகொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவர் குடையை நீட்டி, அதன் பிடியால் உத்தரத்தின் பச்சை முனையில் இரண்டு தட்டுத் தட்டினார். சிமெந்து அடைத்த முனை. கல்லுமாதிரிச் சத்தம் வந்தது.

"உத்தரத்துக்கு ஒண்ணுமே இல்ல சூசையம்மா. நான் சொல்றேன். தாராளமாத் தொட்டி கட்டுங்க."

சூசையம்மா அவரையும் குடைப்பிடியையும் பார்த்தாள். "சரிங்கய்யா" என்றாள்.

அவ்வளவுதான். அவர் ஆபீசுக்கு வந்து, அடையாளங்காணல், பழுதுபார்த்தல், முன்தடுப்பு மூன்றும் பூர்த்தியாயிற்று என்று துரைக்கு அறிவித்தார். துரை கைகுலுக்கினார். கைகுலுக்கல் முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகும் ஒஸ்வல்ட் ஐயாவின் காதுக்குள் யாரோ கறுக்கு கறுக்கு என்று குடைந்துகொண்டிருந்தார்கள். நான் சொல்றேன் என்று ஏன் சொன்னோம், குழு சொல்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார். அத்தனை வருஷ அனுபவமும் ஒரு நொடியில் கைவிட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க மழை. தகரம் கழுவினதுபோலப் பளிச்சென்றிருந்தது. கோயில் பூசை முடிந்து லயமே வெள்ளையும் சொள்ளையுமாகக் கானோரம் வரிசையாய் நின்றது. தப்புக்காரர்கள் அடித்த அடியில் தகரங்கள் அதிர்ந்தன. டிரெக்டர் காரிலிருந்து இறங்கினார், துரை இறங்கினார், குழு இறங்காமலே பின்னால் நடந்து வந்தது. பிலோமினா தட்டத்தில் பூமாலை வைத்துக்கொண்டு முதல் ஆளாய் நின்றாள். ஒஸ்வல்ட் ஐயா அவளுடைய இடுப்பைப் பார்த்தார். பிள்ளை இல்லை. சுற்றிலும் சூசையம்மாவைத் தேடினார். அவளையும் காணோம். பிள்ளை உள்ளே தொட்டிலில் தூங்குகிறதாக்கும் என்று நினைத்ததுமே அதிர்கிற தகரத்தை அண்ணாந்து பார்த்தார். தப்பை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தார். விழாக் குழுவைக் கேட்காமல் எப்படி நிறுத்துவது?

டிரெக்டர் இங்கிலீஷில் பேசினார். வண்டைப் போன்ற ஒரு சிறு பிரச்சினையிலும் மக்கள் பங்களிப்போடு தீர்வு கண்ட சங்கிலிமலை, மற்றத் தோட்டங்களுக்கும், ஏன் இந்த நாட்டுக்கே வழிகாட்டி என்றார். ஓட்டைகளைக் காலத்தோடு அடைத்துவிட்டால் பெரிய அழிவுகளைத் தடுக்கலாம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கத்தரிக்கோலை எடுத்தார்.

லயத்துக்குள்ளே டமார் என்று ஒரு சத்தம்.

அந்த வருஷங்களில் டமார் என்ற சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. டிரெக்டர் கானுக்குள் குப்புறப் பாய்ந்தார். துரை அவர்மேல் பாய்ந்தார். தர்மராஜா லீவில் யாழ்ப்பாணம் போய்வந்து பழகியவர் என்பதால் எல்லாரையும்விட முறையாகப் படுத்து, காதுகளையும் பொத்திக்கொண்டார். லயத்துச் சனமும் பிள்ளைகுட்டிகளோடு தரையில் விழுந்தது. மாதிரி லயத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அது குண்டு இல்லை என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒஸ்வல்ட் ஐயா கானைத் தாண்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இஸ்தோப்பில் வழுக்கி, எழுந்து, அந்தக் கதவில் எந்த இடத்தில் குனியவேண்டுமோ அந்த இடத்தில் தலை தானாகக் குனிய, உள்ளே போய்விட்டார். கூரையின் பாதி உள்ளே இறங்கியிருந்தது. உத்தரம் நடுவால் முறிந்து கிடந்தது. முறிந்த வாயில் நீள நீளமான குழாய்கள். அறை அறையாக, சுத்தமாக, கணக்காகக் கட்டின வீடுகள். வீடிழந்த வண்டுகள் அவர் முகத்தைச் சுற்றிப் பறந்தன, ஒன்றும் கொட்டவில்லை. கரிப்புகையும் மரமாவும் கண்ணை மறைத்தன. அவர் மண்டியிட்டு வெறுங்கையால் தகரத்தைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. தொட்டிலைத் தேடினார். சேலைத் துண்டொன்று கையில் அகப்பட்டது; பிடித்து இழுத்தால் கொடியில் காயப்போட்டிருந்த வெறும் பாவாடை. மறுபடியும் தகரத்துக்கடியில் கையை விட்டார்.

"புள்ள! ஏ புள்ள! ஆத்தா, எந்தப் பக்கத்துல கெடக்கிற?" என்று கத்தினார். மன்னார்ப் பழைய குடும்பத்துப் பேச்சல்ல அது. வெளியே கானுக்குள் கிடந்தவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

யாரோ கதவு வெளிச்சத்தை மறைத்தார்கள். திரும்பிப் பார்த்தார். சூசையம்மா நின்றாள். ஒரு கையில் தண்ணீர்க் குடம். மறு தோளில் பேத்தி, இவ்வளவு அமளியிலும் வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்கிற்று.

ஒஸ்வல்ட் ஐயா தகரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைக் கால்முதல் தலைவரை பார்த்தார். மூச்சு வந்தபிறகு, தொட்டில் எங்கே என்று கேட்டார். சூசையம்மா குடத்தை இறக்கிவைத்து, செம்பில் தண்ணீர் மொண்டு, அவருடைய இரத்தக் கைக்குள் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை, நன்றிகூட இருந்தது.

"உத்தரத்துக்கு ஒண்ணுமே இல்லன்னு நீங்களே வந்து சொன்னீங்களேய்யா. அன்னைக்கே தொட்டிய அவுத்துட்டோங்க."